ஒற்றைச் சொல் சம்மதம்

"பதிவு இருக்கு. ஆனா கேட்க முடியாது" என்றான் ஆஸ்பத்திரியின் சாஃப்ட்வேர்காரன்.

சுருக்கு பதில் சொல்லவில்லை. பல வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுத்தவள். பேச்சும் அப்படித்தான். அதனால் வந்த பெயர் அது. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. அதை மாட்டிக்கொண்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான் ரேடியோ. அவள் கணவனின் தம்பி. தொழிலில் உதவியாளன். அண்ணி பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்து அவன் பேசுவான்.

"ஏன் கேட்க முடியாது? பதிவுக்கு வெட்கமா?" என்றான்.

"அந்தரங்கம் சார். ஒரு ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்த குரலை, கொடுத்தவர் மட்டும்தான் திரும்பக் கேட்கலாம். விதி."

"கொடுத்தவர் யாரு?" என்றாள் சுருக்கு.

அவன் திரையைப் பார்த்தான். "மனைவி."

"இவங்கதான் மனைவி."

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மற்றவர்களுக்கு அளவு பார்த்துப் பார்த்து, எதையும் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. இப்போது அந்தத் திரையையும் அப்படித்தான் பார்த்தாள்.

"ஆனா இவங்க சம்மதமே கொடுக்கலைன்னுதானே புகார்?" என்றான் சாஃப்ட்வேர்காரன்.

"பதிவு சரின்னா, இவங்களுக்குக் கேட்க உரிமை இருக்கு. பதிவு தப்புன்னா, நீங்களே திறந்து பார்த்தாகணும். எந்த வழின்னு நீங்க சொல்லுங்க."

அவன் இரண்டு வழியிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தான். முகத்தில் தெரிந்தது.

"மூணாவது வழி கிடையாது தம்பி" என்றான் ரேடியோ. "நானும் தேடிப் பார்த்தவன்தான். வீட்டுல சமையல் விஷயத்துலகூட இதே கதைதான்."

சாஃப்ட்வேர்காரன் எழுந்தான். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் எல்லோரும் செய்வதைச் செய்தான். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினான். முதல் கோப்பையைச் சுருக்கிடம் நீட்டினான்.

"இருக்கட்டும்" என்றாள்.

கோப்பையைத் திருப்பி எடுத்து ரேடியோவிடம் கொடுத்தான். ரேடியோ வாங்கிக்கொண்டான். கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் அவனுக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணின் கணவர் லைன்மேன். மின்கம்பத்திலிருந்து விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். "காலை எடுக்கணும்பாங்க. விடாதே. யார் வந்து கேட்டாலும் தலையாட்டாதே. கம்பம் ஏற முடியலைன்னா நான் இல்லை." அவள் அதற்கு வாக்குக் கொடுத்தாள். அதன் பிறகு அவருக்கு நினைவில்லை. கண் விழித்தபோது கால் இல்லை. யார் ஒத்துக்கொண்டது என்று கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினார்கள். சம்மதம் தந்தவர்: மனைவி. பதில்: ஆம்.

அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு என்றால் அவள் வீட்டுக்கு இல்லை. மத்தியானம் அவருடைய தங்கை வண்டியோடு வருகிறாள். இனி அங்கேதான் இருக்கப்போகிறாராம்.

"நான் சொல்லலைன்னு அவருக்குத் தெரியணும் மேடம்" என்று காலையில் அவள் சொல்லியிருந்தாள். "அப்புறம் எங்க வேணா போகட்டும்."

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. அன்றைக்கு நாத்தனாரும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஒத்துக்கொண்டுவிட்டு, பழியை இவள் பேரில் போட்டிருக்கலாம்.

ரேடியோவுக்கு அந்தத் துப்பு பிடித்திருந்தது. "நாத்தனார்னா பாதி கேஸ் முடிஞ்ச மாதிரி" என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"முன்னாடி எல்லாம் கட்டுக் கட்டா காகிதம் மேடம்" என்றான் சாஃப்ட்வேர்காரன். கோப்பு ஒன்றைத் தேடிக்கொண்டே பேசினான். அந்த அறை முன்பு போர்வைகள் அடுக்கிய அறை. சலவை வாசனை இன்னும் போகவில்லை. "படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைப்பாங்க. எதுக்கு வைக்கிறோம்னே தெரியாது. அதான் இதைப் பண்ணோம். நர்ஸ் கையில ஒரு டேப்லெட் இருக்கும்."

"ஆஸ்பத்திரியில டேப்லெட்னா முழுங்கறதுன்னு நினைச்சேன்" என்றான் ரேடியோ.

"நர்ஸ் பட்டனை அழுத்திட்டு, என்ன ஆபரேஷன், என்ன ஆபத்துன்னு சொல்லிக் கேட்பாங்க. நோயாளியோ சொந்தக்காரரோ வாயால பதில் சொன்னாப் போதும். மிஷின் கேட்டுப் புரிஞ்சுக்கும். ஆம்னா பச்சை. தியேட்டருக்குள்ள இருக்கிற போர்டுலயும் அதே நிமிஷம் பச்சை. கையெழுத்துக்கு யாரும் அலைய வேண்டாம். எத்தனை உயிர் பிழைச்சிருக்கு தெரியுமா?"

அவன் அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினான். அதுதான் ரேடியோவுக்குச் சங்கடமாக இருந்தது. திட்டுவதற்கு ஏற்ற முகமாக இல்லை அது.

"கிடைச்சுடுச்சு. போடறேன்."

முதலில் ஒரு சத்தம் வந்தது. கிரீச். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"இருக்கட்டும்."

அவ்வளவுதான். பதிவு முடிந்துவிட்டது.

லைன்மேன் மனைவியின் கை தன் வாயிடம் போனது.

"இது நான்தான்" என்றாள்.

ரேடியோ கோப்பையைக் கீழே வைத்தான். இந்தத் தொழிலில் இது அவனுக்குப் புதிதில்லை. கண்ணீரோடு வருவார்கள். நான் செய்யவில்லை என்பார்கள். தேடிக்கொண்டே போனால் பாதை சுற்றி அவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். அப்போதெல்லாம் அவன் கட்சிக்காரரின் செருப்பைப் பார்ப்பான். முகத்தைப் பார்க்க முடியாது. இப்போதும் பார்த்தான். ஒரு வார் அறுந்து ஊக்கு போட்டிருந்தது.

"நாத்தனார் இல்லையா?" என்றான், யாரிடமும் இல்லாமல்.

"நான் சத்தியமா சொல்லலை. என்கிட்ட யாரும் எதுவும் கேட்கலை. ஆனா குரல் என்னோடது." அவள் சுருக்கின் பக்கம் திரும்பினாள். "நான் பொய் சொல்றேனா மேடம்? எனக்கே தெரியலையே."

"மறுபடி போடுங்க" என்றாள் சுருக்கு.

கிரீச். இருக்கட்டும்.

"கேள்வி எங்கே?"

"என்ன கேள்வி மேடம்?"

"பதில் இருக்கு. கேள்வி எங்கே?"

"அது எல்லாருக்கும் ஒரே கேள்விதானே" என்றான் சாஃப்ட்வேர்காரன். "ஒவ்வொரு தடவையும் சேமிச்சா இடம் அடைக்கும். பதில் வந்ததும் முன்னாடி இருக்கிற பேச்சை மிஷினே வெட்டிடும்."

சுருக்குக்குக் கோர்ட் நாள் ஒன்று ஞாபகம் வந்தது.

"ஒரு வழக்குல, 'ஆமா, நான்தான் அடிச்சேன்'னு சாட்சி சொன்னது மட்டும் தாள்ல இருந்துச்சு. ரொம்ப நாள் அந்த ஆளை வெச்சு விசாரிச்சாங்க."

"யாரை அடிச்சாராம்?"

"சுவருக்கு வெள்ளை."

ரேடியோ சிரித்தான். சாஃப்ட்வேர்காரன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஏதோ வரப்போகிறது என்று புரிந்துவிட்டது.

"இந்தச் சொல் எப்படி 'ஆம்' ஆச்சு?" என்று கேட்டாள் சுருக்கு.

"சோதனை பண்ணும்போது வந்தது மேடம். ஊசி வலிக்கும்னு சொன்னா, 'வலிச்சா இருக்கட்டும், போடுங்க'ன்னாங்க. தழும்பு விழும்னா, 'விழுந்தா இருக்கட்டும்'னாங்க. நிறைய பேர். அதான் சரி, ஆகட்டும், செய்யுங்க, இதோட சேர்த்து இதையும் போட்டோம்."

"கொஞ்சம் முன்னாடி எனக்கு டீ கொடுத்தீங்க."

"ஆமா. நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"வேண்டாம்னு நான் சொல்லலை."

அவன் பார்வை மெல்ல நகர்ந்து ரேடியோவின் பக்கத்திலிருந்த கோப்பைக்குப் போனது.

"'இருக்கட்டும்'னு சொன்னேன்" என்றாள் சுருக்கு. "நீங்க கோப்பையை எடுத்துக்கிட்டீங்க. உங்க மிஷினா இருந்தா என் வாயில ஊத்தியிருக்கும்."

சாஃப்ட்வேர்காரன் நெற்றியைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

ரேடியோ முதலில் துள்ளினான். "அப்ப முடிஞ்சுது அண்ணி! அக்கா சொன்னது 'கால் இருக்கட்டும்'. அதாவது, விட்டுடுங்க, எடுக்காதீங்க. மிஷின் அதைத் தலைகீழா எடுத்துக்கிச்சு. வாங்க, போய் இவங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடலாம்."

லைன்மேன் மனைவியின் முகத்தில் வெளிச்சம் ஒன்று வந்தது. நம்பலாமா என்று அந்த முகம் கேட்டது.

"இல்லை" என்றாள் சுருக்கு.

"ஏன் இல்லை?"

"புருஷன் காலுக்காகக் கெஞ்சுற குரல் இல்லை இது. கேளு."

மூன்றாவது முறை போட்டார்கள். ரேடியோ இப்போது சொல்லை விட்டுவிட்டு ஓசையைக் கேட்டான். களைத்த குரல். மெல்ல இழுத்து முடிந்தது. அதில் ஒரு மரியாதை இருந்தது. பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தால் சொல்வோமே, அந்த மரியாதை.

"யாரோ இவங்களுக்கு ஏதோ கொடுத்திருக்காங்க" என்றாள் சுருக்கு. "என்னன்னு அந்தக் கிரீச்சுக்குத் தெரியும்."

*

எமர்ஜென்சி வாசலில் கிரீச் என்று சத்தம் போடக்கூடிய சாமான் எவ்வளவு இருக்கிறது என்று ரேடியோவுக்கு அன்றுதான் தெரிந்தது. இரட்டைக் கதவு சத்தம் போட்டது. அது கொஞ்சம் கனமான சத்தம். ஸ்ட்ரெச்சர் சக்கரம் போட்டது. அது விட்டுவிட்டு வந்தது. தண்ணீர்க் குழாய் திறந்தால் முனகியது. ரேடியோ ஒவ்வொன்றையும் ஆட்டி, திருகி, தள்ளிப் பார்த்தான். பெஞ்சில் காத்திருந்தவர்கள் அவனைக் கவலையோடு பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ரிப்பேரா?" என்றார்.

"இல்லைங்க. கச்சேரி. சுருதி சேர்த்துட்டிருக்கேன்."

லைன்மேன் மனைவி தூணருகே போய் நின்றாள். விபத்து நடந்த அன்று அங்கேதான் நின்றிருந்தாள். எதிரே கதவில் வட்டமான கண்ணாடி. அதன் வழியாக உள்ளே ஒரு கட்டிலின் கால்மாடு தெரிந்தது.

"இதைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். "வேற எதுவும் ஞாபகம் இல்லை மேடம். யாரோ வந்தாங்க, போனாங்க. நான் இந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கலை."

சுருக்கு அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவளும் கண்ணாடியைப் பார்த்தாள்.

ரேடியோ அலுத்துப்போனான். தூணுக்குப் பின்னால் ஓர் இரும்பு ஸ்டூல் கிடந்தது. உட்காரலாம் என்று அதை இழுத்தான்.

கிரீச்.

பெண்கள் இருவரும் திரும்பினார்கள். ரேடியோ ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"மூணு காலுக்கு ரப்பர் செருப்பு இருக்கு அண்ணி. ஒரு காலுக்கு மட்டும்..."

நிறுத்திக்கொண்டான். லைன்மேன் மனைவி அவனைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காமல் இருந்தது இன்னும் மோசமாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை மெதுவாகத் தரையில் வைத்தான்.

அப்போது இரட்டைக் கதவு திறந்தது. கையில் டேப்லெட்டோடு ஒரு நர்ஸ் வெளியே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வேகமாக வந்தவள், தூணருகே நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

சுருக்கு அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. காலால் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். கிரீச்.

"உட்காருங்க சிஸ்டர்."

"இருக்கட்டும்" என்றாள் நர்ஸ்.

சொல்லிவிட்டாள். பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. டேப்லெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது ஏதோ கேட்டுவிடும் என்று பயந்தவள் போல.

"அக்கா" என்றாள் லைன்மேன் மனைவியைப் பார்த்து.

"நிதானமா சொல்லுங்க" என்றாள் சுருக்கு.

"கேட்கத்தான் வந்தேன். பட்டனை அழுத்திட்டேன். அக்கா முழங்கால் நடுங்கிட்டிருந்துச்சு. இந்த நிலைமையில கேட்டா விழுந்துடுவாங்கன்னு தோணுச்சு. முதல்ல உட்காருங்கக்கான்னு ஸ்டூலைத் தள்ளினேன்." அவள் மூச்சு வாங்கினாள். "அக்கா திரும்பிக்கூடப் பார்க்கலை. இருக்கட்டும்னாங்க. டேப்லெட் பச்சையாயிடுச்சு."

"நிறுத்தியிருக்கலாமே?" என்றான் ரேடியோ.

"எதை அழுத்தி சார்? ஆரம்பிக்கத்தான் பட்டன் இருக்கு. இல்லைன்னு சொல்ல அதுல எதுவும் கிடையாது."

சாஃப்ட்வேர்காரனும் பின்னாலேயே வந்திருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்குற வசதி..." அவன் குரல் தேய்ந்தது. "அடுத்த பதிப்புல வருது."

"காலும் அடுத்த பதிப்புல வருமா?" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனும் அதைச் சிரிக்கச் சொல்லவில்லை.

"அப்புறம்?" என்றாள் சுருக்கு நர்ஸிடம்.

"உள்ளே ஓடினேன். அங்க போர்டுலயும் பச்சை. எல்லாரும் தயாரா நிக்கறாங்க. டாக்டர் என்னைப் பார்த்து, 'கேட்டாச்சில்ல?'ன்னார்."

"நீங்க?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். ஸ்டூலின் வெறும் கால் தரையில் போட்ட கீறல் புதிதாகப் பளபளத்தது.

"விட்டா உயிர் போயிடும்னு எனக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். மறுபடி வெளியே வந்து, இல்லை அது தப்பு, முதல்ல இருந்து கேட்கிறேன்னு..." நிறுத்தினாள். "தலையாட்டினேன் மேடம்."

ரேடியோவுக்கு ஆம்புலன்ஸில் லைன்மேன் கேட்ட வாக்கு நினைவுக்கு வந்தது. யார் வந்து கேட்டாலும் தலையாட்டாதே. மனைவி காப்பாற்றியிருக்கிறாள். தலையாட்டியது வேறொருத்தி. அதுவும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்ட நல்ல மனசுக்காரி. மாட்டியவுடன் கழுத்தைப் பிடிக்கலாம் என்று காலையிலிருந்து ஒரு கையை வைத்திருந்தான். அதை எங்கே வைப்பது என்று இப்போது தெரியவில்லை. பையில் போட்டுக்கொண்டான்.

சுருக்கு சாஃப்ட்வேர்காரனிடம் திரும்பினாள். "இந்த ஒரு சொல்லால பச்சையானது எல்லாம் எடுங்க."

அவன் மடிக்கணினியைத் திறந்து நின்றபடியே தட்டினான். வரிகள் வர ஆரம்பித்தன. வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டான்.

"இன்னிக்கு யாராவது?"

"ரெண்டு பேர். இன்னும் உள்ளே போகலை." போனை எடுத்தான். அவன் விரல் இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தியது. "தியேட்டர்? பச்சையைப் பார்க்காதீங்க. ஆமா, நான்தான் பேசறேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நேரா முகத்தைப் பார்த்துக் கேளுங்க. இல்லை, டேப்லெட் வேண்டாம். வேண்டாம்னு சொல்றேன்."

*

வார்டு மாடியில் இருந்தது. சுருக்கு முன்னால் ஏறினாள். நர்ஸ் தானே வந்து சொல்வதாகச் சொல்லிப் பின்னால் வந்தாள். அவள் வேலை போய்விடுமா என்று ரேடியோ கேட்க நினைத்தான். கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாதிப் படியில் லைன்மேன் மனைவி நின்றாள்.

"நீங்க போங்க சிஸ்டர். வாசல்ல நில்லுங்க" என்றாள். நர்ஸ் போன பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், என்னை யாரும் கேட்கலை."

"கேட்கலை."

"கேட்டிருந்தா?"

சுருக்கு பதில் சொல்லவில்லை.

"எடுங்கன்னு சொல்லியிருப்பேன்." அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் படிக்கட்டு முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. "அந்தக் கண்ணாடி வழியா அவர் காலைப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்துச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். வாக்காவது ஒண்ணாவது. ஆள் இருந்தாப் போதும். வந்து கேட்பாங்க, கேட்டதும் சொல்லிடணும்னு நின்னேன். உட்கார்ந்துட்டா என்னைக் கவனிக்காம தாண்டிப் போயிடுவாங்களோன்னு பயம். அதான் உட்காரலை."

ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்தான். படிக்கட்டில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, இதோ பாருங்க" என்றான். குரலைத் தாழ்த்தினான். அவன் குரலைத் தாழ்த்தி யாரும் பார்த்ததில்லை. "நீங்க மனசுல நினைச்சது எந்த மிஷின்லயும் இல்லை. யாரும் கேட்கலை, நீங்களும் சொல்லலை. அது நிஜம். காலையில இதைத்தானே கேட்டீங்க? கிடைச்சாச்சு. எடுத்துக்கிட்டு உள்ளே போங்க. அவர் உங்களோட வீட்டுக்கு வந்துடுவார்."

"வந்துடுவார்" என்றாள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அதுதான் அவள் கஷ்டம். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"நீங்க என்ன சொன்னீங்கன்னு கண்டுபிடிக்கிறது என் வேலை" என்றாள் சுருக்கு. "என்ன சொல்லணும்ங்கிறது இல்லை."

லைன்மேன் மனைவி தலையை அசைத்தாள். அது ஆமாமா இல்லையா என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. மேலே ஏறினார்கள்.

கட்டிலின் மேல் பை கட்டி வைத்திருந்தது. ஊன்றுகோல்கள் இரண்டும் கவர் பிரிக்காமல் மூலையில் சாய்ந்து நின்றன. லைன்மேன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெரிய தோள். கம்பத்தைக் கட்டிப் பிடித்து ஏறிய தோள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்தது. தங்கை கீழே பில் கட்டப் போயிருந்தாள்.

"அண்ணா" என்றாள் நர்ஸ்.

அவர் திரும்பவில்லை. அவள் அந்த முதுகிடமே சொன்னாள். ஸ்டூல், நடுக்கம், பச்சை, டாக்டர் கேட்டது எல்லாம் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. "அக்காகிட்ட நான் கேட்கவே இல்லைண்ணா. தலையாட்டினது நான்" என்று முடித்தாள்.

சுவரைப் பார்த்த முதுகு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அவர் திரும்பினார். அதற்கு நேரம் பிடித்தது. உடம்பு இன்னும் புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளவில்லை. இல்லாத காலையும் சேர்த்துப் புரட்டப் பார்த்து, ஏமாந்து, கைகளை ஊன்றி நிமிர்ந்தார்.

மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லலையா?"

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த மௌனத்தை அவர் தனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துக்கொண்டார். முகத்தில் இத்தனை நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. எட்டி, கட்டிலோரம் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"உட்காரு" என்றார்.

உட்காருங்க அக்கா, என்று ரேடியோ மனசுக்குள் சொன்னான். பேசாம உட்காருங்க.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "முதல்ல ஒண்ணு சொல்லணும்."

சுருக்கு நர்ஸின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனாள். கதவை ரேடியோதான் சாத்த வேண்டியிருந்தது. மெதுவாகச் சாத்தினான். இடுக்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகத் தெரிந்தது லைன்மேனின் கை மட்டும். நாற்காலியின் முதுகில் இருந்தது. இன்னும் எடுக்கவில்லை.